ருவாண்டா அதிபர் மேடையில் கொடுக்கும் வாக்கை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: ருவாண்டா அதிபர் பால் ககாமே ஊர் ஊராகப் போய் மக்களிடம் குறை கேட்கிறார், அங்கேயே மேயரை எழுப்பிப் பதில் சொல்ல வைக்கிறார். காணொளிகளில் பார்க்க நன்றாக இருக்கிறது. உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. ஆனால் மேடையை மட்டும் பார்த்தால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிடிபடாது. அந்த மேயர் ஏன் அப்படி வியர்க்கிறார் என்று தெரிய வேண்டுமானால் ‘இமிஹிகோ’வைத் தெரிந்துகொள்ள வேண்டும். போருக்குப் போகும் வீரன் அரசன் முன்னால், பலர் அறிய, ‘இன்னது செய்வேன்’ என்று சூளுரைப்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். நம் பழந்தமிழில் வஞ்சினம் என்பார்களே, அதேதான். 2006-ல் அதை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார்கள். மாவட்ட மேயர்கள் அதிபரோடு ஆண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள்: இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை ஹெக்டேர் மலைச்சரிவில் படிக்கட்டு வயல், இத்தனை வீடுகளுக்கு மின் இணைப்பு, மருத்துவக் காப்பீட்டில் இத்தனை சதவீதம் பேர். அங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். மேயர் ஒப்புக்கொண்ட இலக்கு மாவட்டத்துக்குக் கீழுள்ள செக்டர், செல் என்ற நிர்வாகப் பிரிவுகள் வழியாக உமுதுகுது எனப்படும் கிராமம் வரை பிரிந்து இறங்கும். பிறகு மதிப்பெண், தரவரிசை.

ஆகவே மேடையில் ஒரு வாக்குறுதி கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அது அந்த மாவட்டத்தின் இமிஹிகோவில் எண்ணாக ஏறியிருக்கிறதா என்பது. ஏறவில்லையென்றால் அதற்கு யாரும் மதிப்பெண் இழக்கப் போவதில்லை. நான் அதைப் பேச்சு என்றுதான் வைத்துக்கொள்வேன்.

குறை கேட்கும் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் புகார்களில் ஒன்று நில இழப்பீடு. சாலைக்கோ மின்கம்பிக்கோ நிலம் எடுத்திருப்பார்கள், பணம் வந்திருக்காது. ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து இதைச் சொன்னதும் அதிபர் முன்வரிசை பக்கம் திரும்புவார். அமைச்சர் எழுந்து நாள் குறிப்பார். கைதட்டல் எழும். இங்கே கவனிக்க வேண்டியது 2015-ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டம். இழப்பீட்டுத் தொகை ஒப்புதலானதிலிருந்து 120 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கெடு தாண்டிய பிறகுதான் அந்த மனிதர் மேடைக்கே வருகிறார் என்றால், அவருக்குத் தீர்வு கிடைத்ததைக் கொண்டாடுவதோடு, அதே சாலையில் நிலம் கொடுத்த மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். ஒலிவாங்கி வரை வந்து சேர முடியாதவர்கள்தான் எப்போதும் அதிகம்.

மற்ற நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை உமுகாண்டா: 18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் பொதுவேலைக்கு வர வேண்டும், அதிபரும் மண்வெட்டி பிடிப்பார். படம் அதைத்தான் காட்டும். வேலை முடிந்ததும் நடக்கும் ஊர்க்கூட்டம்தான் முக்கியம். அரசமைப்பிலேயே இடம்பெற்ற உமுஷிகிரானோ என்னும் தேசிய உரையாடல் அதிபர் தலைமையில் நடக்கும். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் தொலைபேசியில் கேள்வி கேட்கலாம். ஏப்ரல் 7-ல் தொடங்கும் இனப்படுகொலை நினைவு நாட்களின் உரைகளை வளர்ச்சி அறிவிப்புகளோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. அவை வேறு கனம் கொண்டவை.

எங்கே பிசகுகிறது? இலக்கு மேலிருந்து வருகிறது, மதிப்பெண்ணும் மேலிருந்து வருகிறது. கீழே இருப்பவருக்கு உண்மை நிலவரத்தைவிட எண் பெரிதாகிவிடுகிறது. செய்யாததைச் செய்ததாகக் காகிதத்தில் சரிக்கட்டுவதற்கு அந்த ஊரில் ஒரு சொல்லே பிறந்துவிட்டது: குதெகினிகா. ககாமேயே இதைப் பலமுறை கண்டித்திருக்கிறார். 2011-ஐ ஒட்டி ஓலை, புல் கூரைகளை ஒழிக்கும் இயக்கம் நடந்தபோது, புதுக் கூரை வருவதற்கு முன்பே பழையதைப் பிரித்துவிட்டதால் த்வா என்னும் சிறுபான்மைச் சமூகத்துக் குடும்பங்கள் உட்படப் பலர் மழையில் நின்றார்கள். ‘கூரை அகற்றப்பட்டது’ என்ற எண் மட்டும் நிறைவேறிவிட்டது.

எதை எண்ணுகிறார்கள் என்று பார்க்க கிரிங்கா திட்டம் நல்ல உதாரணம். 2018-ல் மோடி ருவேரு கிராமத்தில் 200 பசுக்கள் கொடுத்தாரே, அது இந்தத் திட்டத்துக்குத்தான். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு. அது ஈனும் முதல் கிடேரிக் கன்றைப் பக்கத்து ஏழை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பசுக்களின் கணக்கு அரசின் செலவைச் சொல்லும். கைமாறிய கிடேரிகளின் கணக்குதான் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 தேர்தலில் 99.18 சதவீத வாக்கு பெற்ற ஒரு தலைவர் முன்னால், மேயர் மேல் புகார் சொல்வது சுலபம். கொள்கையே தப்பு என்று சொல்வது சுலபமில்லை. எனவே கூட்டத்தில் எந்தக் கேள்வி வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

புள்ளிவிவரங்களுக்கு ருவாண்டா தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் வெளியீடுகளையே எடுங்கள். 2017-ல் 39.8 சதவீதமாக இருந்த வறுமை 2024-ல் 27.4 ஆனது என்பது 2025-ல் வந்த கணக்கு. பழைய அறிக்கையில் அதே 2017-க்கு 38.2 என்று இருக்கும்; அளக்கும் முறை மாறியதால் வந்த வேறுபாடு அது. ஒரு அறிக்கையின் எண்ணிலிருந்து இன்னொன்றின் எண்ணைக் கழிக்காதீர்கள்.

2029 வரையிலான தேசியத் திட்டத்தின் பெரிய வாக்குறுதி, ஆண்டுக்கு 2.5 லட்சம் வேலை. இதைச் சரிபார்க்கக் காலாண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பு இருக்கிறது. அதில் பெரும்பாலும் தன் வீட்டுச் சாப்பாட்டுக்காகப் பயிர் செய்பவரை ‘வேலையில் உள்ளவர்’ என்று சேர்க்க மாட்டார்கள். அவர் பெரும்பாலும் சந்தையில் விற்பதற்காகப் பயிர் செய்யத் தொடங்கினால், அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவார். அதனால் வேலை எண்ணிக்கை கூடியிருந்தால், சம்பள வேலை எவ்வளவு கூடியது என்ற வரிசையையும் தனியாகப் பாருங்கள்.