மாமரத்து முசுறுக் கூட்டுக்கு மருந்து அடிக்கலாமா?

வணக்கங்க. ஆனைமலையில் உங்கள் வீட்டு மாமரத்தில் செவ்வெறும்பு இலைக்கூடு கட்டியிருக்கிறது, காய் பறிக்க விடாமல் கடிக்கிறது, கூட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

அந்தச் செவ்வெறும்புதான் முசுறு. முதலில் அந்த வெள்ளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இலை விளிம்புகள் ஒட்டிய இடத்தில் மெல்லிய படலமாக இருந்தால் அது பட்டு. சில எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாக நின்று இலையை இழுத்துப் பிடிக்கும். வேறு சில எறும்புகள், கூட்டில் வளரும் தங்கள் இளம்புழுவை வாயில் தூக்கி வந்து இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் மாற்றி மாற்றித் தொட வைக்கும். புழு விடும் நூல்தான் தையல். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத வேலைங்க அது!

கிளையிலும் காம்பிலும் மாவாக அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கழிவுக்காக முசுறு அதைக் காவல் காக்கும், அது உண்மைதான். அந்தக் கொப்புகளை மட்டும் வெட்டி அழித்துவிடுங்கள், போதும். மற்றபடி தத்துப்பூச்சி, பழ ஈ, இலை தின்னும் புழு எல்லாவற்றுக்கும் முசுறு எமன். தென் சீனாவில் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோப்புக்காக இந்தக் கூடுகளைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.

பறிக்கும்போது கைகால்களில் அடுப்புச் சாம்பல் பூசிக்கொள்ளுங்கள், எறும்புக்குப் பிடி கிடைக்காது. அப்புறம், வீட்டுக் கூரையைத் தொடும் கொப்பைக் கழித்துவிடுங்கள், உள்ளே வருவது குறையும்.