லீன் கோடு வந்தாலே ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 2013-ஆம் ஆண்டு மாடல். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் உதறுகிறது. செக் என்ஜின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பி0171 என்ற லீன் கோடு, உள்ளே போகும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் சேரவில்லை என்று, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. தெரிவிக்கும் செய்தியே தவிர, எக்ஸாஸ்ட் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து அதைக் கண்டுசொன்ன சென்சார் கெட்டுவிட்டது என்பதற்குச் சான்று அன்று. என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு வேறோர் இடத்தில் இரண்டு முறை ஆக்சிஜன் சென்சார் மாற்றியிருந்தார்கள். கோளாறோ, வால்வு கவரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் குறையே தெரியாத அந்த ஹோஸ், எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு இறுகிப்போய், விரலால் வளைத்ததும் வாய் பிளந்தது.

மெக்கானிக்கிடம் ஃப்யூயல் ட்ரிம் அளவை, அதாவது ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பதை, ஐடிலிங்கில் ஒரு முறையும், 2500 ஆர்.பி.எம்.மில் ஒரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், ஐடிலிங்கில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அது சட்டென இறங்கினால், எங்கோ கசிவு வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். நின்ற இடத்தில் உதறும் உங்கள் வண்டியில் நான் முதலில் ஐயப்படுவது இதைத்தான். மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூய பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 கிலோவே போதும். அதாவது, அதே காற்றுக்கு ஈ.சி.யூ. எடையில் எட்டொன்பது விழுக்காடு கூடுதலாகப் பீய்ச்ச வேண்டியிருக்கிறது. இது மட்டும் விளக்கை எரியவைக்காது. ஆனால், அதுவரை ஈ.சி.யூ. சமாளித்து வந்த சிறு கசிவை எல்லை தாண்ட வைத்துவிடும். பழைய வண்டிக்காரர் வேறு பெட்ரோல் கேட்டால் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதில்லை; வண்டி தாங்குமா என்று கேட்டாலோ பங்க் ஒரு பக்கமும் கம்பெனி ஒரு பக்கமும் கை காட்டுகின்றன. இந்த அலைக்கழிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். ‘ஒரிஜினல்’ என்று பெட்டியில் அச்சிட்டுப் பாதி விலைக்கு விற்கும் போலி சென்சார்களும், எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று தலையில் கட்டப்படும் இன்ஜெக்டர் திரவங்களும் கசிவை அடைக்கா. பேட்டரியைக் கழற்றி மாட்டி, பி0171 கோடு பதிவை அழிப்பது இன்னும் மோசம். நோயறியும் தடயமே அதில் போய்விடும்.

முதலில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்டேக்கில் புகையைச் செலுத்தினால், கசியும் இடத்தில் அது வெளியே வரும். இன்டேக்கில் கசிவில்லை என்றாலும், எக்ஸாஸ்டில் சென்சாருக்கு முன்னால் விரிசல் உள்ளதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே சென்சாரைச் சோதிக்கட்டும்.