இயற்கைக்கு விரோதம்

அன்புள்ள சார்,

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அக்காவுக்கு உண்டு. கருக்கலைப்பு, கருணைக்கொலை, தன்பாலினத் திருமணம் என்று பேச்சு வந்தாலே, "எனக்கு வேதம் இருக்கிறது, உனக்கு என்ன இருக்கிறது?" என்று மடக்குகிறாள். தன்பாலினத் திருமணம் மட்டும் எனக்கும் ஏனோ ஒட்டவில்லை. நம்மைப் போன்றவர்கள் எதை வைத்து முடிவெடுப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேவர்களுக்குப் பிடித்ததால் ஒன்று நல்லதா, நல்லது என்பதால் அவர்களுக்குப் பிடிக்கிறதா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டாவதுதான் என்றால், நல்லதைக் கண்டறிய வேதம் வேண்டியதில்லை. அக்காவுக்கு அது போதும். நம் ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்றும் நினைக்காதீர்கள். மரண தண்டனையை ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாம் எதிர்த்தார். அவர் நிழலில் வளர்ந்த தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்துப் பேசினார். கருணைக்கொலை இன்னொரு நாளைக்கு.

என்னை உறுத்தியது அந்த 'ஏனோ ஒட்டவில்லை'தான். மறைக்காமல் எழுதினீர்களே, அது பிடித்தது. 'ஏனோ' பிடிக்கவில்லை.

இருபத்தாறு வயதில் நான் பெரிய நாத்திகன். நெருங்கிய நண்பன் ஒருநாள், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்றான். அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன். இயற்கைக்கு விரோதம் என்றேன், இனப்பெருக்கம் என்றேன், பரிணாமம் என்றேன். மூக்குக்கண்ணாடியும் இயற்கை இல்லைதான். அதைப் போட்டுக்கொண்டுதான் பேசினேன். கடவுளை இறக்கிவிட்ட நாற்காலியில் இயற்கையைத் தூக்கி உட்கார வைத்திருந்தது அப்போது உறைக்கவில்லை. 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்பதற்குச் சும்மா தாவிவிட முடியாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருந்தார். அதையும் படித்தவன் நான்!

நண்பன் கேட்டது ஒன்றுதான்: "இதில் யாருக்குடா நஷ்டம்?"

பதில் இல்லை. என்னிடம் இருந்தது அருவருப்பு மட்டும். காரணங்களை அப்புறம் தேடிக் கோத்திருக்கிறேன். அருவருப்பை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று பெந்தாம் 1785 வாக்கிலேயே எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது வெளிவரவில்லை. முழுதாக அச்சேறியது 1978இல்.

'யாருக்கு நஷ்டம்' என்பது மந்திரம் இல்லை. கருக்கலைப்பில் அந்த 'யார்' என்பதுதான் சண்டையே. கருவுக்கு ஓர் எதிர்காலம் இருக்கிறதே என்று அமெரிக்கத் தத்துவவாதி டான் மார்க்விஸ் 1989இல், மதத்தைத் தொடாமலே, கருக்கலைப்பை எதிர்த்து வாதாடினார். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவரை மறுப்பது சுலபமில்லை. காரணத்தை எடுத்து வைத்தார், நாம் எதிர்த்துப் பேசலாம். உங்கள் 'ஏனோ'வோடு யார் என்ன பேசுவது?

நண்பனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. "பரவாயில்லைடா, விடு" என்றான். அப்புறம் அவன் தானாக என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அக்காவை விடுங்கள். ஏன் ஒட்டவில்லை என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். 'இயற்கை' என்ற சொல் அதில் வரக் கூடாது.