2023–24 பனிச்சறுக்கு உலகக் கோப்பை சீசனில் ஒடர்மாட் ஜெயண்ட் ஸ்லாலம் ரேஸ் எல்லாவற்றையும் ஜெயித்தாரா?

கிட்டத்தட்ட. நடந்து முடிந்த 10 ரேஸில் 9 சுவிஸ் வீரர் மார்கோ ஒடர்மாட்டுக்குத்தான். ஆஸ்திரியாவின் சோல்டனில் நடக்க வேண்டிய முதல் ரேஸ் பலத்த காற்றால் பாதியிலேயே ரத்தானது, அது கணக்கில் இல்லை.

முதலில் ஒன்று: ஜெயண்ட் ஸ்லாலம் என்பது பனிச்சரிவில் நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் பந்தயம். இதில் ஒரே நாளில் இரண்டு ரன் (மேலிருந்து கீழே ஒரு முறை இறங்குவது ஒரு ரன்), இரண்டு நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவர் ஜெயிப்பார். முதல் ரன்னில் தேறிய 30 பேர் இரண்டாவதில் தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள், அதாவது 30-ஆவது ஆள் முதலில், முதலிடக்காரர் கடைசியில். அதனால் முன்னிலையில் இருப்பவர், மற்றவர்கள் கிழித்துப்போட்ட பனியில், அத்தனை பேர் நேரத்தையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். சும்மா இல்லை!

எனக்குப் பிடித்தது ஷ்லாட்மிங் இரவு ரேஸ். முதல் ரன்னில் மனிதர் 11-ஆவது இடம். சரி, இன்றைக்கு அவ்வளவுதான் என்று பார்த்தால், இரண்டாவது ரன்னில் விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேரையும் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார்.

முந்தைய சீசனின் கடைசி மூன்றையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 12 வெற்றி. சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் வைத்திருக்கும் சாதனை 14. ஆனால் சால்பாக்கில் நடந்த கடைசி ரேஸில், முதல் ரன்னில் முன்னிலையில் இருந்தவர், இரண்டாவதில் சறுக்கி விழுந்து வெளியேறினார். ஜெயித்தது அவர் நாட்டுக்காரரே, லோயிக் மெயார். ஒரு வெற்றிக்கு 100 புள்ளி என்பதால் ஒடர்மாட் ஏற்கெனவே 900-இல் இருந்தார். சீசன் முழுவதும் சேர்த்த புள்ளிகளுக்குக் கிடைக்கும் ஜெயண்ட் ஸ்லாலம் கோப்பை அதற்கு வெகு முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது.