மூன்றாம் தடவையா, விஞ்ஞான பீடமா?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை தோற்றினாள். இரண்டு தடவையும் மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். விஞ்ஞான பீடம் கிடைக்கும். மூன்றாம் தடவையும் எடு என்கிறோம். அவளோ, மனித நோய்கள் மூலக்கூற்று மட்டத்தில் எப்படி உண்டாகின்றன என்று படிக்கப்போகிறேன் என்கிறாள். நோயாளியின் கையைக்கூடத் தொடாத படிப்பு அது. அவளுடைய அப்பா சலரோகத்துக்கு மெற்போமின் குளிசை எடுப்பவர். மகள் டொக்டராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கணவரின் குளிசையில் இருந்தே தொடங்குகிறேன். மெற்போமினை ஒரு பிரெஞ்சு வைத்தியர் சலரோகத்துக்குக் கொடுத்து, பலனை 1957இல் வெளியிட்டார். ஈரல் குருதிக்குள் விடும் குளுக்கோசை அது குறைக்கிறது என்று இன்று தெரியும். ஆனால் ஈரற்கலத்துக்குள் போய் முதலில் எதைத் தொடுகிறது, எந்த நொதியத்தை அடக்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. கிளினிக் கொப்பியில் வைத்தியர் ஒரே வரியில் எழுதித் தரும் குளிசைக்குள் இவ்வளவு பெரிய கேள்வி கிடக்கிறது. உங்கள் மகள் படிக்க விரும்புவது இந்தக் கேள்வியைத்தான்.

நோயாளியைத் தொடாத படிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. அரிவாட்கலச் சோகை என்றொரு பரம்பரை நோய் உண்டு. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதமான ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிழை. ஒட்சிசனை இறக்கிவிட்டதும் அந்த ஈமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நாராகிறது. வட்டத் தட்டுப்போல் ஓடவேண்டிய செங்குருதிக்கலம் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. பிள்ளை வலியில் துடிக்கிறது. இது மூலக்கூறில் பிறக்கும் நோய் என்று 1949இல் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கிய லைனஸ் பௌலிங் ஓர் இரசாயனவியலாளர். அந்த ஒற்றை அமினோ அமிலத்தைச் சில ஆண்டுகளில் பிடித்துக்கொடுத்த வேர்ணன் இங்கிராமும் வைத்தியர் அல்லர். 2023இல் பிரித்தானியா இந்நோய்க்கு ஒரு மரபணுத் திருத்தச் சிகிச்சையை அனுமதித்தது. நோயாளியின் என்புமச்சைக் கலங்களை எடுத்துத் திருத்தி, கருவில் இருந்தபோது உடல் செய்த ஈமோகுளோபினை மறுபடி செய்யவைக்கிறார்கள். ஆய்வுகூடத்து மேசையில் தொடங்கிய வேலை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து கட்டில்வரை வந்து சேர்ந்தது. அது நோயாளியைத் தொடவில்லை என்று எப்படிச் சொல்வது?

இனிச் சிரமங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், முதல் ஆண்டு கடினமாக இருக்கும். இழைமணி, நிறமூர்த்தம், விகாரம் என்று தமிழில் கரைத்துக் குடித்த பிள்ளை, அவ்வளவையும் ஆங்கிலத்தில் மறுபடி கற்கவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட அங்கே மனம் தளர்ந்துபோவார்கள். அப்போது, 'அப்பவே சொன்னேன்' என்ற சொல் உங்கள் வீட்டில் எழக்கூடாது. மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றால் இந்தத் துறைக்குள் ஆழமாகப் போவது கடினம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம், அதற்குமேல் முதுமாணி என்று யோசித்துவைக்கவேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழினுட்பம் ஆகியவற்றுக்கென ஒரு நிறுவகம் இருக்கிறது. கலாநிதிப் பட்டம் என்றால் வெளிநாடும் போகவேண்டி வரலாம். வேலைகள் குறைவு. டொக்டர் என்றால் ஊர் எழுந்து நிற்கும். ஆய்வாளர் என்றால் 'அது என்ன வேலை?' என்று கேட்கும். ஒரு பரிசோதனை பத்துத் தடவை பிழைத்து, பதினோராவது தடவை சரிவரலாம். அதைப் பொறுக்கும் குணம் அவளுக்கு இருக்கிறதா என்று பெற்றவர் உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் தடவை சோதனை எடுப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அவளைத் தனியே இருத்தி ஒன்று கேளுங்கள்: "நாளைக்கே மருத்துவ பீடத்தில் இடம் தந்தால் போவாயா?" நீங்கள் கேட்டு முடிக்குமுன் அவள் முகம் மலர்ந்தால், இந்தப் படிப்பு தோல்வியை மூட அவள் தேடிய போர்வை; இன்னும் ஒரு தடவை எடுக்கட்டும், துணை நில்லுங்கள். தயங்கினாலோ, இல்லை என்றாலோ, கடைசித் தடவையை அப்பாவின் ஆசைக்காக அவள் தலையில் ஏற்றாதீர்கள். வெட்டுப்புள்ளிக்கு அருகே வந்த பிள்ளைக்கு இன்னொரு வருடம் ரியூசன் வகுப்பு என்பது எவ்வளவு கனமென்று, பக்கத்து அறையில் விளக்கு அணையாத இரவுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்றிரவு சாப்பாட்டோடு குளிசையைக் கையில் எடுத்ததும், "இது எனக்குள் போய் என்ன செய்கிறது, பிள்ளை?" என்று மகளிடம் அவரே கேட்கட்டும். அவள் ஈரலில் தொடங்குவாள். எங்கே தடுமாறுகிறாள், தடுமாறிய இடத்தில் புத்தகத்தைத் தேடி எழுந்து போகிறாளா என்று இருவரும் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.