திரவப் படிகம் என்றால் என்ன? 1888-லேயே கண்டுபிடித்ததை ஏன் அத்தனை காலம் கண்டுகொள்ளவில்லை?

திரவம் போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பது போல ஒரே திசை பார்த்து நிற்கும். அதுதான் திரவப் படிகம். ஆற்றோட்டத்தில் நீளவாக்கில் மிதந்துவரும் மரக்கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1888-இல் பிராக் நகரில் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் உருகி, பால் போலக் கலங்கி நின்றது. 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று வியந்தார்கள். ஏதோ கலப்படம் என்றும் சிலர் சொன்னார்கள். அப்புறம் ஒரு சிலர் மட்டுமே அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

காரணம் சாதாரணமானது: அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திசை மாறும், அதனால் ஒளியைத் தடுக்கலாம், விடலாம். இதை வைத்துத் திரை செய்யலாம் என்று அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1968-இல் காட்டியது. 1970-களில் இந்தத் திரை வைத்த கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் வந்தன. பேட்டரியை அதிகம் தின்னாத திரை என்றதும் மவுசு கூடிவிட்டது. பழைய ஆய்வுகளையெல்லாம் தூசி தட்டி எடுத்தார்கள்.

எல்சிடி எனப்படும் இந்தத் திரவப் படிகத் திரையில் ஒளிர்வது இந்தப் படிகம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, டிவியில் வெளிச்சம் பின்னாலுள்ள விளக்கிலிருந்து வருகிறது. விளக்கே இல்லாத சாதா கால்குலேட்டரை இருட்டில் படிக்க முடியாது.