உயரத்தில் ஒரு குறிப்பேடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 22. விமானி பயிற்சியில் இருக்கிறேன். இதுவரை 64 மணி நேரம் பறந்திருக்கிறேன். சென்ற வாரம் வெளியே பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்துக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி. விமானம் நேராகப் போகிறது என்றுதான் என் உடம்பு முழுக்கச் சொன்னது. கருவி இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. நான் உடம்பை நம்பினேன். பயிற்சியாளர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அன்று எனக்கு ஜலதோஷம். மாத்திரை போட்டுக்கொண்டு போயிருந்தேன். இறங்கும்போது காது வலித்தது. பறக்கும் நேரம் கைவிட்டுப் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ‘உடம்பு பொய் சொல்லாது’ என்று நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எனக்கு மன உறுதி போதவில்லையா? பிராணாயாமம் செய்தால் சரியாகுமா? கண்ணாடி போட்டிருப்பது வேலைக்குத் தடையாகுமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

கண்ணாடி தடையில்லை. அதைப் போட்டுக்கொண்டு பார்வை சரியாக இருந்தால் போதும். பிராணாயாமம் நல்லது, செய்யுங்கள். ஆனால் நீங்கள் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜலதோஷத்தோடு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பறந்தீர்களே, அதை என்னால் லேசாக விட முடியவில்லை. மூக்கடைத்திருந்தால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாயும் அடைத்திருக்கும். இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் கூடும், உள்ளே கூடாது. செவிப்பறை கிழியக்கூட வாய்ப்புண்டு. அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுப்பவை. ஒரு மணி நேரப் பயிற்சி போய்விடும் என்று இதையெல்லாம் மறைத்தது முட்டாள்தனம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் உயிரும் அதில் இருந்தது.

சரி, சாய்ந்த விமானத்துக்கு வருவோம். அதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். தண்ணீர்க் குடத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சற்றுப் பின்தங்கும் இல்லையா? அந்தப் பின்தங்கலைத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று புரிந்துகொள்கிறது. நொடிக்கு இரண்டு பாகைக்கும் குறைவாக, மெதுவாகச் சாய்ந்தால் அதற்குத் தெரிவதே இல்லை. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது நொடிகளில் தண்ணீரும் குடத்தின் வேகத்துக்கு வந்துவிடும், திருப்பம் நின்றுவிட்டதாகத் தோன்றும். அப்போது விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். இருபதாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் அதே குடம், அதே தண்ணீர்தான்.

‘உடம்பு பொய் சொல்லாது’ என்று நான் எழுதியது பசியையும் களைப்பையும் மனதில் வைத்து. தரையில் நடப்பவனுக்கான வரி அது. உங்கள் கையில் அது ஆபத்தானது என்பதால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ‘மன உறுதி’ என்கிறீர்களே, அந்தச் சொல்தான் சில மாதங்களாக என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது. மனம் என்பது உடம்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிற ஆள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஓர் ஆள் கிடையாது. இதை நான் தெரிந்துகொண்ட இடம் லடாக்கின் கார்துங் லா கணவாய். 17,500 அடிக்கு மேல். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தமே ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். லே நகரில் இரண்டு நாள் இருந்து பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் கேட்காமல் மறுநாளே ஏறினேன். மேலே போனதும் அப்படி ஒரு சந்தோஷம். தலைவலி இல்லை, மூச்சுமுட்டல் இல்லை. பாறைமேல் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தேன். என் வாழ்நாளின் சிறந்த பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற நிச்சயம் இருந்தது. ஓட்டுநர் வந்து இறங்கலாம் என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பதில் பேசவில்லை. தோளைப் பிடித்து எழுப்பி, நடத்திக் கொண்டுபோய் வண்டியில் உட்காரவைத்தார். இரவு அறையில் குறிப்பேட்டைப் பிரித்தால், ‘பனி’ என்று நான்கு முறை எழுதியிருந்தேன். நான்காவதில் பேனா கீழே இழுபட்டு, தாளின் ஓரம் வரைக்கும் ஒரே கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கருவியால் ‘நான் தெளிவாக இருக்கிறேன்’ என்று முடிவு செய்தேனோ, அந்தக் கருவிதான் முதலில் பழுதாகியிருந்தது.

1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் மூன்று பேர் ‘செனித்’ என்ற பலூனில் ஏறினார்கள். கையில் ஆக்சிஜன் இருந்தது. அது போதாது என்று எச்சரித்து உடலியலாளர் பால் பேர் எழுதிய கடிதம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருவர் இறந்தார்கள். பிழைத்த காஸ்தோன் திஸாந்தியே, வலியே இல்லை, உள்ளுக்குள் ஓர் ஆனந்தம்தான் இருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தாராம், கை எழவில்லை. மூன்று நண்பர்கள்தான், ஆனால் மூவருக்கும் ஒரே மயக்கம். தோளைப் பிடிக்க நாலாவது ஆள் இல்லை.

130 வருடம் கழித்து, 2005 ஆகஸ்ட் 14, ஹீலியோஸ் விமானம். சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்கு. தரையில் ஒரு சோதனைக்காக, விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையாமல் காக்கும் கட்டுப்பாட்டைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றியிருந்தார்கள், திருப்பி வைக்கவில்லை. 12,000 அடியில், உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்று எச்சரிக்கை ஒலி கேட்டது. விமானம் புறப்படத் தயாராக இல்லை என்பதற்கும் அதே ஒலிதான். விமானிகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. கேப்டன் தரையிலிருந்த பொறியாளரோடு பேசினார். அழுத்தக் கட்டுப்பாடு தானியங்கியில்தான் இருக்கிறதா என்று பொறியாளர் கேட்டார். கதிர், இந்த இடத்தில் நில்லுங்கள். சரியான கேள்வி, சரியான நேரத்தில், காதிலேயே விழுந்தது. கேப்டன் அதற்குப் பதில் சொல்லவில்லை. ‘என்னுடைய சர்க்யூட் பிரேக்கர்கள் (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) எங்கே இருக்கின்றன’ என்று திருப்பிக் கேட்டார். அந்த நிமிடத்திலும் தான் ஒரு சிக்கலைப் பொறுப்பாகச் சரிசெய்துகொண்டிருப்பதாகத்தான் அவர் நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு 34,000 அடியில் விமானம் தானாகவே ஏதென்ஸ்வரை போய் வட்டமிட்டது. எரிபொருள் தீர்ந்து கிரீஸின் கிராமாடிகோ அருகே விழுந்தது. 121 பேர் போனார்கள். அந்த விமானி அறையில் உறுதிக்கா குறை?

அதற்காகக் கருவியைக் கண்மூடி நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா 855-இல் பழுதானது கருவிதான். கேப்டனின் சாய்வுமானி வலப்பக்கமே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கீழே கடல், சுற்றிலும் இருட்டு. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். விமானம் உண்மையில் கவிழ்ந்துகொண்டிருந்ததை உடம்பு அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த இருக்கையில் இன்னொரு சாய்வுமானி இருந்தது, மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. 213 பேர் போனார்கள்.

நம் விமானப்படை விமானிகளைப் பெங்களூரில் காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் உட்காரவைத்து, ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றச் சொல்லி, கணக்குப் போடவைக்கிறார்கள். ஒருவருக்கு நகம் நீலமாகும், ஒருவருக்குச் சிரிப்பு வரும், ஒருவருக்குக் கோபம். தன்னுடையது எது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம். ஓட்டுநர்மேல் எரிந்து விழுந்தேன் என்றேனே, அதுதான் என் அறிகுறி. இப்போதெல்லாம் மலைக்குப் போனால் கூட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் காரணமில்லாமல் கத்தினால் என்னைக் கேட்காமல் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

உங்கள் பயிற்சியாளர் அன்று கையை நீட்டி விமானத்தை வாங்கிக்கொண்டதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் அந்த ஓட்டுநரின் கைதான் நினைவுக்கு வந்தது. நாளைக்கே அவரிடம் போய் ஜலதோஷத்தையும் மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் காது மருத்துவரைப் பாருங்கள். வலி இன்னும் இருக்கிறதா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. எழுதுங்கள்.